லோடு வண்டி டயருக்கு எத்தனை பவுண்டு காத்து? (185 ஆர்14, 8பிஆர்)

தக்காளி_லோடு
வணக்கம் எல்லாருக்கும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன லோடு வண்டி எடுத்திருக்கேன். ஒண்ணேகால் டன். முன்ன ரெண்டு, பின்ன ரெண்டு, நாலும் 185 ஆர்14 எல்டி (லைட் டிரக், அதாவது சின்ன லாரி வகை டயர்), 8பிஆர், ரேடியல் டியூப்லெஸ். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி, முருங்கை ஏத்தி பொள்ளாச்சி வழியா திருச்சூர் போறது. திரும்பி வர்றப்ப காலி கிரேடு (தக்காளிப் பெட்டி) மட்டும்தான்.

பழைய ஓனர் கேபினுக்கு பெயிண்ட் அடிச்சதுல கதவோரம் ஒட்டியிருந்த காத்து ஸ்டிக்கர் போயிருச்சு. கம்பெனி புஸ்தகமும் கைக்கு வரல. பங்க்ல கேட்டா 45ங்கறாங்க. பஞ்சர் கடைக்காரர் "லோடு வண்டிக்கு 80 வைக்காம என்ன"ங்கறார். டயர்ல 450 கேபிஏன்னு எழுதியிருக்கு. யார் சொல்றதைக் கேக்கறது?

பாலக்காட்டுக்_கணவாய்
70 வெச்சு ஓட்டுங்க தம்பி. நான் அப்படித்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல.

டயர்க்கடை_அண்ணாச்சி
தம்பி, மூணு பேரு மூணு நம்பர் சொல்லுதாங்கன்னா, மூணு பேருமே உங்க வண்டியை எடை போட்டுப் பாக்கலைன்னு அர்த்தம். காத்து எவ்வளவுங்கறதை டயரும் சொல்லாது, பங்க் பையனும் சொல்ல முடியாது. அந்தச் சக்கரத்து மேல எத்தனை கிலோ உக்காருதுங்கறதுதான் சொல்லும்.

மொதல்ல டயர்ல எழுதியிருக்கறதை வாசிச்சிருவோம். 450 கேபிஏன்னா 65 பவுண்டு. பக்கத்துல 102/100ன்னு ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. 102ன்னா ஒத்தை டயரா மாட்டினா 850 கிலோ. 100ன்னா பின்னாடி ரெட்டை டயர் வண்டியில ஒவ்வொண்ணும் 800 கிலோ. உங்க வண்டி ஒத்தை, அதனால 850. ரெண்டையும் சேத்து வாசிக்கணும்: 65 பவுண்டு காத்து இருந்தா இந்த டயர் 850 கிலோ தாங்கும், அதுக்கு மேல தாங்காது. 65தான் வெச்சாகணும்னு அதுக்கு அர்த்தம் இல்லை. 65க்குக் கொறைச்சா தாங்குற கிலோவும் கொறையும், அவ்வளவுதான்.

8பிஆர், அதாவது பிளை ரேட்டிங், அதைப் பாத்து உள்ள எட்டு அடுக்கு துணி இருக்குன்னு நெனைக்காதீங்க. அது பழைய நைலான் டயர் காலத்துக் கணக்கு. இப்ப ரேடியல்ல அது பலத்துக்கு ஒரு பேரு, அம்புட்டுதான்.

நாளைக்கு லோடு ஏத்தினதும் எடை மேடைக்குப் போங்க. மொத்த வண்டியும் ஒரு தடவை. அப்புறம் முன்சக்கரத்தைக் கீழ எறக்கி, பின்சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு தடவை. மொத்தத்துல பின்னாடியைக் கழிச்சா முன்னாடி. காலி வண்டியையும் இதே மாதிரி போடுங்க. நம்பரோட வாங்க, பேசுவோம்.

கமான்_பட்டை
இதுக்கெல்லாம் எடை மேடையா? டயர் பிதுங்குதா இல்லையான்னு கண்ணால பாத்தாலே தெரியாதா அண்ணாச்சி. எங்க அப்பா லாரியில காலால ஒரு எத்து எத்தித்தான் பாப்பாரு.

டயர்க்கடை_அண்ணாச்சி
உங்க அப்பா ஓட்டினது நைலான் டயரு. அதுல காத்து கொறைஞ்சா கண்ணுக்குத் தெரியும். ரேடியல் சரியான காத்துலயும் கொஞ்சம் வயிறு தள்ளித்தான் நிக்கும். 65 இருக்கற ரேடியலையும் 50 இருக்கற ரேடியலையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க, எது எதுன்னு நானே மீட்டர் வைக்காம சொல்ல மாட்டேன். கடையே வெச்சிருக்கேன்.

தக்காளி_லோடு
எடை போட்டாச்சு அண்ணாச்சி. டிரைவர் நான் ஒருத்தன் உள்ள.

லோடோட: மொத்தம் 2,570 கிலோ. பின்சக்கரம் மட்டும் 1,530. அப்ப முன்னாடி 1,040.
காலியா: மொத்தம் 1,320. பின்னாடி 560. முன்னாடி 760.

டயர்ல 102/100 தான் போட்டிருக்கு.

டயர்க்கடை_அண்ணாச்சி
நல்ல வேலை செஞ்சீங்க. இப்ப கவனிங்க, ஏத்தின ஒண்ணேகால் டன்ல ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட பின்னாடிதான் உக்காந்திருக்கு. முன்னாடி ஏறினது 280 மட்டும். அப்ப நாலு டயருக்கும் ஒரே காத்துன்னு வைக்கறதுல அர்த்தமே இல்லை.

பின்னாடி 1,530ஐ ரெண்டா வகுத்தா ஒரு டயருக்கு 765. ஆனா லோடு ரெண்டு பக்கமும் சமமா உக்காராது. ரோடும் இடது ஓரம் சரிஞ்சுதான் இருக்கும். ஒரு டயருக்கு 800ன்னு வெச்சுக்கிடுவோம்.

உங்க அளவு டயருக்கு தோராயக் கணக்கு சொல்லுதேன். 65ல 850 கிலோ. 60ல 800. 55ல 745. 50ல 690. 45ல 630. 40ல 575. அஞ்சு பவுண்டு கொறைச்சா ஒரு டயர்ல அம்பது அம்பத்தஞ்சு கிலோ போயிருது. உங்க டயர் கம்பெனிக்கே லோடு அட்டவணை இருக்கும், டீலர்கிட்ட கேட்டு வாங்கி ஒத்துப் பாத்துக்கோங்க.

800 கிலோவுக்கு 60. ஆனா அது நூல் புடிச்ச கணக்கு. மழையில நனைஞ்ச சாக்கு, ஒரு பக்கம் சாஞ்ச கிரேடு, மாசத்துல தானா எறங்குற ஒண்ணு ரெண்டு பவுண்டு, இதுக்கெல்லாம் எடம் விடணும். பின்னாடி 65 வைங்க. உங்க டயருக்கு அதுதான் உச்சம், அதுக்குள்ளதான் இருக்கோம்.

முன்னாடி ஒரு டயருக்கு 520. கணக்குப்படி 36 போதும். ஆனா பிரேக் புடிச்சா எடை முன்னாடி பாயும், எறக்கத்துல இன்னும் பாயும். ஸ்டீரிங்கும் கனக்கும். 45 வைங்க. பங்க்ல சொன்ன 45 தப்பே இல்லை, முன்னாடிக்கு. நாலுக்கும் சேத்துச் சொன்னதுதான் தப்பு.

இன்னொண்ணு. வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டர்ல உங்க மாடலைச் சொல்லி ஸ்டிக்கர்ல இருந்த நம்பரைக் கேட்டுருங்க. அவங்க நம்பர் நம்ம கணக்கை விடக் கூடுதலா இருந்தா அதையே வைங்க, கொறைஞ்சிருந்தா நமக்குப் பயமில்லை.

பாலக்காட்டுக்_கணவாய்
நான் 70 சொன்னதுக்கும் நீங்க 65 சொன்னதுக்கும் அஞ்சுதான வித்தியாசம். இதுக்கு இவ்ளோ கணக்கா.

டயர்க்கடை_அண்ணாச்சி
பின்னாடிக்கு அஞ்சு. முன்னாடிக்கு இருவத்தஞ்சுல்லா. முன்னாடி 70 வெச்சு ஓட்டுற வண்டி டயரை நடுவுல தடவிப் பாருங்க. நடுப்பட்டன் (ரோட்டுல படற ரப்பர் கட்டை) மட்டும் வழிச்ச மாதிரி தேஞ்சிருக்கும், ரெண்டு ஓரமும் புதுசாட்டம் இருக்கும். காசு போட்டு வாங்கின டயர்ல பாதியத்தான் ஓட்டுறீங்க.

ரெண்டு_டன்_ராஜா
ஒண்ணேகால் டன்னுக்குக் கணக்கு போட்டுட்டு இருக்கீங்க. சீசன்ல ரெண்டு டன் ஏத்தாம யார் வாடகை கட்டுவா? அதுக்குத்தான் 80 வைக்கறது. டயர் கல்லு மாதிரி நிக்கும்.

எடைமேடை_ஓரம்
கல்லு மாதிரி நிக்கறதுதான் பிரச்சனையே. 65க்கு மேல எத்தனை வெச்சாலும் 850 கிலோ 851 ஆகாது. ரெண்டு டன் ஏத்தினா மேல சொன்ன வண்டியில, ஒரு பக்கம் சாயறதுக்கு அண்ணாச்சி விட்ட 35 கிலோவையும் சேத்து, பின்னாடி ஒரு டயர்ல கிட்டத்தட்ட 1,090 கிலோ வரும். டயரோட உச்சத்தைத் தாண்டி 240 கிலோ. காத்தைக் கூட்டினா டயர் பிதுங்காது, அதனால எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும். உள்ள இருக்கற கம்பி இழுபட்டுட்டுத்தான் இருக்கும். அந்த நெலமையில ஒரு பள்ளத்துல குத்தினா டயருக்கு விட்டுக்குடுக்க எடமே கெடையாது. இரும்பு ரிம்முக்கும் ஒரு உச்ச அளவு உண்டு, அதை யாரும் பாக்கறதில்ல.

கமான் பட்டை, ஆக்சில், பிரேக் எதுவும் ரெண்டு டன்னுக்குப் போட்டது இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டினா சீசன் வாடகை அங்கயே போச்சு.

ரெண்டு_டன்_ராஜா
சொல்றவங்க வந்து மார்க்கெட்ல வாடகை பேசிப் பாருங்க. சரி விடுங்க.

தக்காளி_லோடு
அண்ணாச்சி, காலியா திரும்பறப்ப என்ன பண்றது? பின்னாடி 65ல வண்டி தவளை மாதிரி குதிக்குது. நேத்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி மழை. வளைவுல பின்பக்கம் லேசா இழுத்துச்சு.

கமான்_பட்டை
திருச்சூர்ல எறக்கினதும் பின்னாடி 40க்கு எறக்கிருங்க. நான் அப்படித்தான். ஜம்முனு போகும்.

எடைமேடை_ஓரம்
எறக்கறது சுலபம். மறுநாள் ராத்திரி மார்க்கெட்ல லோடு ஏத்திட்டு, எந்தக் கடை தொறந்திருக்கும் 65 அடிக்க? பாதி கம்ப்ரசர் 50 தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. "போற வழியில அடிச்சுக்கலாம்"னு 40லயே கெளம்பறதுதான் நடக்கும். 40ல இந்த டயர் 575 கிலோதான் தாங்கும், மேல இருக்கறது 765. காலி வண்டியில காத்து கூடுதலா இருந்தா ஆட்டம், தேய்மானம், மழையில கொஞ்சம் வழுக்கல். லோடு வண்டியில காத்து கொறைவா இருந்தா டயர் வெடிக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல.

டயர்க்கடை_அண்ணாச்சி
எடைமேடை சொல்றதுதான் சரி. தெனம் ஒரு பக்கம் லோடு ஓட்டுறவரு லோடுக்கான காத்தையே வெச்சுக்கிடணும். காலியில வேகத்தைக் கொறைங்க, மழையில இன்னும் கொறைங்க. பின்னாடி எடை இல்லாதப்ப பிரேக்கை ஒரேயடியா மிதிக்காதீங்க.

காலி எடைக்கு அதே கணக்கைப் போட்டா பின்னாடி ஒரு டயருக்கு 280 கிலோ, காத்து 20 கூட வேண்டாம்னு வரும். அந்தக் கணக்கை அங்க கொண்டுபோகக் கூடாது. அவ்வளவு கொறைச்சா டியூப்லெஸ் டயர் வளைவுல ரிம்மை விட்டே கழண்டுரும். வண்டி நாலு நாள் லோடு இல்லாமத்தான் ஓடப்போகுதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, பின்னாடி 45 வரைக்கும் எறக்கலாம். அதுக்குக் கீழ வேண்டாம். சொந்தமா கம்ப்ரசர் வீட்டுல இருந்தா அது வேற கதை.

வெயில்_டிரைவர்
எனக்கு ஒரு சந்தேகம். காலையில 65 வெச்சேன். மத்தியானம் பொள்ளாச்சி தாண்டி டீக்கடையில மீட்டர் வெச்சா 73 காட்டுது. வெடிச்சிருமோன்னு 65க்கு எறக்கிட்டேன். சரிதானே?

கணக்கு_வாத்தியார்
எறக்கியிருக்கக் கூடாது. நாளைக்குக் காலையில பாருங்க, 58 காட்டும்.

டயர்ல எழுதியிருக்கறது, ஸ்டிக்கர்ல இருக்கறது எல்லாமே ஆறின டயருக்குச் சொன்னது. மூணு மணி நேரமாவது நின்ன வண்டி, இல்லைன்னா ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஓடாத வண்டி. ஓடும்போது டயர் மடிஞ்சு மடிஞ்சு நிமிருது, அதுல சூடு. 26 டிகிரியில அடிச்ச காத்து உள்ள 55 டிகிரிக்குப் போனா 65ங்கறது 72, 73 ஆகும். டயர் செய்யறவங்க அந்த ஏத்தத்தையும் சேத்துத்தான் 65ன்னு எழுதறாங்க.

சூட்டுல எறக்கினா ஆறினதும் கொறைவு. கொறைவான டயர் மறுநாள் இன்னும் கூடுதலா மடியும், இன்னும் சூடாகும், மீட்டர் மறுபடி 70ஐக் காட்டும், நீங்க மறுபடி எறக்குவீங்க. காத்தை எறக்க எறக்க சூடு ஏறும்.

அதுக்காக சூட்டுல மீட்டர் வைக்கவே கூடாதுன்னு இல்ல. சூடான டயரே 65க்குக் கீழ காட்டினா அது நிச்சயம் கொறைவு. ஒரே ஆக்சில்ல ஒரு பக்கம் 73, மறுபக்கம் 66ன்னா அந்த 66ல பஞ்சரோ வால்வு கசிவோ இருக்கு, பாருங்க. எறக்க மட்டும் வேண்டாம்.

ஊட்டி_கேரட்
நாங்க மேட்டுப்பாளையம் ஊட்டி. கீழ காத்து வெச்சா மேல ஏறினதும் கூடிரும், எறக்கிக்கணும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா வாத்தியாரே?

கணக்கு_வாத்தியார்
பாதி உண்மை, அதனாலதான் அது சுத்திட்டே இருக்கு. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. மேல வெளிக்காத்தோட அழுத்தம் கொறைவு. மீட்டர் காட்டறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. அதுல ஏறத்தாழ 3 பவுண்டு கூடும். ஆனா கீழ 34 டிகிரி, மேல 14 டிகிரின்னா, குளிர்ல 65 இருக்கற டயர்ல 5 பவுண்டு எறங்கும். கூட்டிக் கழிச்சா, ராத்திரி ஊட்டியில நின்ன வண்டியில காலையில 2 பவுண்டு கொறைவாத்தான் காட்டும். எதையும் தொடாதீங்க. கேரட் ஏத்திக் கீழ வந்ததும் தானா சரியாயிரும்.

எறக்கத்துல வேற ஒரு சூடு இருக்கு. பிரேக் டிரம் காய்ஞ்சு ரிம் வழியா டயருக்கு ஏறும். அதுக்கு மருந்து ரெண்டாவது கியர். காத்து இல்ல.

யாழ்_பட்டா
வணக்கம், நான் யாழ்ப்பாணம். இங்கை குட்டியானையைப் பட்டா எண்டுதான் சொல்லுறது. தம்புள்ளைக்கு வெங்காயம் கொண்டுபோறனான். ஏ9 றோட்டிலை இரவு ஓட்டம். சின்ன ரயர், 145 ஆர்12. இந்தக் கணக்கு எனக்கும் பொருந்துமோ?

டயர்க்கடை_அண்ணாச்சி
வழி பொருந்தும் அண்ணே, நம்பர் பொருந்தாது. நான் மேல குடுத்த கிலோ எல்லாம் 185 ஆர்14க்கு. உங்க டயர்ல எழுதியிருக்கற லோடு நம்பரும் உச்சக் காத்தும் பாத்து, பின்சக்கரம் எடை போட்டுச் சொல்லுங்க. சின்ன டயரு அதே தூரத்துக்குக் கூடுதல் சுத்து சுத்தும், சூடும் சீக்கிரம் ஏறும். கொறைவான காத்தை அது பொறுக்கவே பொறுக்காது.

டெக்சாஸ்_பிக்கப்
இங்க பிக்கப் வண்டிக்காரங்க வேற ஒரு விதமா மாட்டிக்குவாங்க. வண்டி வர்றப்போ கார் வகை டயரோட வரும், 235/75 ஆர்15ன்னு வெச்சுக்கங்க, 35 பவுண்டுல 920 கிலோ கிட்டத் தாங்கும். (பிக்கப்ல மாட்டினா 1.1ஆல வகுக்கணும், அதனால 836 சொச்சம்.) முரட்டு டயரா இருக்கட்டும்னு அதே அளவுல எல்டி டயர் வாங்கி மாட்டுவாங்க. காத்து மட்டும் பழைய 35தான். எல்டி டயர் 900 கிலோ தாங்கணும்னா 50 பவுண்டு வேணும். 35ல அது 700 கிலோ பக்கத்துலதான். கனமான டயர், தாங்கறது கம்மி. டயர் வகையை மாத்தினா பழைய ஸ்டிக்கர் நம்பர் செல்லாது.

கொறைஞ்ச காத்து என்ன செய்யும்னு இந்த நாட்டுக்குப் பாடம் 2000ல கெடச்சது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்னு ஒரு வண்டி, பிக்கப் சேஸிஸ் வழி வந்தது. அதுல ஃபயர்ஸ்டோன் டயர். ஃபோர்டு சொன்ன காத்து 26 பவுண்டு. வெயில் மாநிலங்கள்ல ஹைவே வேகத்துல டயரோட பட்டன் பகுதி அப்படியே உரிஞ்சு வண்டி உருண்டுச்சு. இருநூறுக்கும் மேல சாவு. அந்த ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கறதா அறிவிச்சது. டயர்தான் கோளாறுன்னு ஃபோர்டு, வண்டியும் 26ம்தான் கோளாறுன்னு ஃபயர்ஸ்டோன். டயர் தயாரிப்புலயே குறை இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனா காத்து கொறைவு, லோடு, வெயில் மூணும் சேர்ந்த எடத்துலதான் அந்தக் குறை ஆளைக் கொன்னுச்சு. அதுக்கப்புறம் வந்த சட்டத்தாலதான் இங்க 2008 மாடல்ல இருந்து எல்லா சின்ன வண்டியிலயும் காத்து எச்சரிக்கை விளக்கு கட்டாயம்.

நாலு_சக்கரம்_பின்னாடி
பின்னாடி ரெட்டை டயர் வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். உள் டயரை யாரும் பாக்கறதில்ல, வால்வுக்குக் கை எட்டாது. ராடை எடுத்து ரெண்டையும் தட்டி, சத்தம் ஒண்ணா இருக்கான்னு பாக்கறதோட சரி. தட்டினா மொத்தமா எறங்கின டயர் தெரியும். 15 பவுண்டு கொறைஞ்சது தெரியாது. உள்ளது கொறைஞ்சா அதோட பாரமும் வெளி டயர் தலையிலதான். கடைசியில வெடிக்கறது வெளி டயர், குத்தவாளி உள் டயர். வால்வுக்கு நீட்டுக்குழாய் வாங்கி மாட்டுங்க.

டயர்க்கடை_அண்ணாச்சி
இதோட சேத்து ஒண்ணு, இது உயிர் விஷயம். இருக்கவேண்டிய காத்துல அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சு லோடோட ஓடின டயரு, அதாவது 65 வேண்டிய எடத்துல 52க்குக் கீழ போனது, அதை அப்படியே நிறுத்திக் காத்தடிச்சுட்டுக் கெளம்பக் கூடாது. கழட்டி உள்ள பாக்கணும். சைடுல உள்ள இழை மடிஞ்சு மடிஞ்சு நைஞ்சிருக்கும், வெளிய ஒரு கோடு கூடத் தெரியாது. காத்து ஏறும்போதுதான் கிழியும். உள்பக்கம் ரப்பர் பொடி கொட்டிக் கெடந்தாலோ, சைடுல சுத்தி வளையம் மாதிரி தடம் இருந்தாலோ டயர் முடிஞ்சுது. அந்த மாதிரி டயருக்குக் காத்தடிக்கறப்ப முன்னாடி குனிஞ்சு நிக்காதீங்க, சைடு பாக்கற பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க.

வெயில்_டிரைவர்
நைட்ரஜன் அடிச்சா இந்தத் தொல்லை இல்லைன்னு சொல்றாங்களே?

கணக்கு_வாத்தியார்
சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் ஏறும். ஈரம் இருக்காதுங்கறது ஒரு நன்மை. தெனம் தண்ணி வடிச்சு விடற கம்ப்ரசர்ல அடிச்சா அந்த நன்மை சும்மாவே கெடைக்கும். ஓசியா அடிச்சா அடிச்சுக்குங்க.

தக்காளி_லோடு
சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டேன். லோடுக்குப் பின்னாடி 65தான் சொன்னாங்க, முன்னாடி 45க்குக் கொஞ்சம் கீழ. சொந்தமா ஒரு மீட்டர் வாங்கிட்டேன். நம்ம பங்க் மீட்டர் 6 பவுண்டு கூட்டிக் காட்டுது, அங்க 65ன்னு அடிச்சது இதுல 59. ஸ்டெப்னிக்கு எவ்வளவு வைக்கணும்? அது சேஸிஸுக்கு அடியில தொங்குது, வாங்கினதுல இருந்து தொடவே இல்ல.

டயர்க்கடை_அண்ணாச்சி
65. பின்னாடி போட்டா அப்படியே ஓட்டலாம், முன்னாடி போட்டா 45க்கு எறக்கிக்கிடலாம். நடுராத்திரி ரோட்டுல எறக்க முடியும், ஏத்த முடியாது. எறக்கி ஒரு தடவை பாத்துருங்க, அடியில தொங்குறதுக்கு வால்வு மூடி பெரும்பாலும் இருக்காது, சேறு புகுந்து வால்வு பின் ஒட்டிக்கிடும். உலோக மூடி, உள்ள ரப்பர் வாசர் வெச்சது, அஞ்சு டயருக்கும் வாங்கிப் போடுங்க. ஸ்டெப்னியோட தயாரிப்பு நம்பரையும் வாசிங்க, கடைசி நாலு எண்ணு: மொத ரெண்டு வாரம், பின் ரெண்டு வருஷம். என்ன போட்டிருக்கு?

தக்காளி_லோடு
3114ன்னு இருக்கு அண்ணாச்சி. பட்டன் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கே.

டயர்க்கடை_அண்ணாச்சி
2014ல 31வது வாரம். பட்டன் தேயலைன்னாலும் ரப்பர் காஞ்சிருக்கும். அதுல லோடு ஏத்தி ஓட்டாதீங்க. அடுத்த டயர் வாங்கறப்ப ஒண்ணு சேத்து வாங்கி, இதை மாத்திருங்க.